ஒரு சென்ட் சாக்பீஸ்

28 டாலர் 12½ சென்ட்! ஒரு வீடு கட்டி முடிக்க ஆன மொத்தச் செலவு ஐயா இது! உத்தேசமாகச் சொன்ன தொகை இல்லை. பலகைக்கு 8 டாலர் 3½ சென்ட், கண்ணாடியோடு சேர்த்துப் பழைய ஜன்னல் இரண்டுக்கு 2 டாலர் 43 சென்ட், பழைய செங்கல் ஆயிரத்துக்கு 4 டாலர், ஆணிக்கு 3 டாலர் 90 சென்ட், கதவுத் தாழ்ப்பாளுக்கு 10 சென்ட், அப்புறம்... சிரிக்காதீர்கள்... சாக்பீஸுக்கு 1 சென்ட்! சுண்ணாம்புக்கு 2 டாலர் 40 சென்ட் எழுதிவிட்டு, பக்கத்திலேயே விலை கூடிப்போச்சு என்று ஒரு முணுமுணுப்பு. ஏற்றிவந்த கூலி 1 டாலர் 40 சென்ட். அதற்கும் பக்கத்தில், பெரும்பகுதியைத் தானே முதுகில் சுமந்து வந்ததாக ஒரு குறிப்பு. உலகமே தலையில் தூக்கி வைத்து ஆடும் தத்துவ நூல் என்று பயபக்தியோடு பிரித்தால், உள்ளே மளிகைக்கடை நோட்டு! அந்தப் பக்கத்தில் விழுந்தவன்தான் நான். இன்னும் எழுந்திருக்கவில்லை.

அந்தக் கணக்கை எழுதிய மனுஷன் பெயர் ஹென்றி டேவிட் தோரோ. 1817-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கான்கார்ட் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். 1845 ஜூலை 4, ஊரெல்லாம் சுதந்திர தினம் கொண்டாடிக்கொண்டிருந்த அன்றைக்கு, வால்டன் என்ற ஏரிக்கரையில், குருவும் நண்பருமான எமர்சனின் நிலத்தில், தன் கையால் கட்டிய 10 அடிக்கு 15 அடி குடிசையில் குடியேறினார். 1847 செப்டம்பர் 6 வரை அங்கே இருந்தார். அந்தக் கணக்கு வரும் 'வால்டன்' புத்தகம் 1854-இல் வந்தது. இந்தக் கதை பலருக்கும் தெரியும். ஆனால் இவரை நமக்கு எப்படி அறிமுகப்படுத்தியிருக்கிறார்கள் பாருங்கள்! வாட்ஸ்அப் காலை வணக்கத்தில், சூரிய உதயப் படத்துக்குக் கீழே பொன்மொழியாக! காட்டுக்குப் போன சாமியாராக! சாமியாராவது ஒன்றாவது! தோரோ காசு வாங்கிக்கொண்டு ஊரார் நிலத்தை அளந்து கொடுத்த சர்வேயர். எதையும் தானே அளந்து பார்க்காமல் நம்பாதவர். ஊர் சொல்கிறது, பெரியவர்கள் சொல்கிறார்கள், அரசாங்கமே சொல்கிறது என்பதெல்லாம் அவரிடம் செல்லாது. சங்கிலியைக் கொண்டா, கயிற்றைக் கொண்டா, நானே பார்க்கிறேன் என்று இறங்கிவிடுவார். அந்தக் குணம்தான் இத்தனை வருஷமாக அவரைப் பழசாகாமல் வைத்திருக்கிறது என்பது என் கட்சி.

நான் சொல்லிச் சொல்லி வீட்டாரை ஓட வைத்த கணக்கு ஒன்று இருக்கிறது, உங்களையும் விடுவதாக இல்லை. கான்கார்டிலிருந்து ஃபிட்ச்பர்க் 30 மைல். ரயில் கட்டணம் 90 சென்ட். அந்த ரயில்பாதையிலேயே வேலை பார்த்த கூலியாட்களுக்கு ஒரு காலத்தில் நாள் சம்பளம் 60 சென்ட். இப்போது கற்பனை செய்துகொள்ளுங்கள்: தோரோவும் அவர் நண்பரும் ஊர் பார்க்கக் கிளம்புகிறார்கள். தோரோ செருப்பை மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிடுகிறார், இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவார். நண்பரோ டிக்கெட் காசுக்கு நாளெல்லாம் உழைத்து, அப்புறம் ரயிலேறி, மறுநாள்தான் வந்து சேர்வார். இப்போது சொல்லுங்கள், யார் வேகம்? முதன்முதலில் இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு அறைக்குள் நடக்க ஆரம்பித்தேன். ஆபீஸ் போக வண்டி, வண்டிக்குத் தவணை, தவணை கட்ட ஆபீஸ்! இதை ஒருவர் 1854-இலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்! எந்தப் பொருளுக்கும் நாம் கொடுப்பது காசு இல்லை, நம் ஆயுளில் ஒரு துண்டு என்பதை அவர் உபதேசமாகச் சொல்லவில்லை, கூட்டிக் கழித்துக் காட்டினார். அன்றைக்குக் கல்லூரி மாணவர் தங்கும் அறைக்கு வருஷத்துக்கு 30 டாலர் வாடகை. அதைவிடக் குறைந்த காசில் ஆயுளுக்கும் ஒரு வீடு கட்டலாம் என்றார். வீட்டுக்கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் இந்த வரியை மெதுவாகப் படியுங்கள், பாவம்.

பாஸ்டன் பக்கம் குடியிருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, பார்க்க எத்தனையோ இடம் இருந்தும் நான் வாய் திறந்து கேட்டது வால்டனைத்தான். அக்டோபர் மாதம். மேப்பிள் மரமெல்லாம் சிவந்து கிடக்கிறது, பைன் ஊசி வாசனை மூக்கில் ஏறுகிறது, ஓக் மரத்திலிருந்து கொட்டைகள் டொக் டொக் என்று விழுகின்றன. வாகனம் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்திலேயே குடிசையின் மாதிரி ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் தோரோவின் வெண்கலச் சிலை, ஒரு கையைத் தூக்கி உள்ளங்கையை உற்றுப் பார்த்தபடி. கையில் செல்போன் ஒன்றுதான் குறை. அந்தச் சிலையின் தோளில் கைபோட்டு நான் எடுத்துக்கொண்ட படங்களை யாருக்கும் காட்ட மாட்டேன் என்று தங்கையிடம் சத்தியம் செய்திருக்கிறேன். உள்ளே ஒற்றைக் கட்டில், மேசை, நாற்காலிகள் மூன்று. ஒன்று தனிமைக்கு, இரண்டாவது நண்பர் வந்தால், மூன்றாவது கூட்டம் கூடினால் என்று தோரோ சொன்ன அந்த மூன்று! ஆனால் என் உயிர் துடித்தது இதற்கில்லை, நிஜமான இடத்துக்கு. காட்டுப்பாதையில் ஏறி இறங்கி நடந்தால் ஏரியின் வடகரைப் பக்கம் வருகிறது அது. 1945-இல் ரோலண்ட் ராபின்ஸ் என்பவர் தோண்டி, புகைபோக்கியின் அடித்தளத்தைக் கண்டுபிடித்த இடம். இப்போது சுற்றிலும் கருங்கல் தூண் நட்டு அடையாளம் வைத்திருக்கிறார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பாதத்தோடு பாதம் ஒட்டி வைத்து நீளம் அளந்தேன், அகலம் அளந்தேன், வாய்விட்டு எண்ணினேன். "அண்ணே, எல்லாரும் பார்க்கிறாங்க" என்றாள் தங்கை. பார்க்கட்டுமே! இங்கே நின்று அளக்காவிட்டால் வேறு எங்கே அளப்பது? அந்த நேரம் பார்த்து மரங்களுக்குப் பின்னால் தடதடவென்று ரயில் போனது. 1844-இல் போட்ட அதே தடம், தோரோ காது கொடுத்துக் கேட்டு ஒரு அத்தியாயத்தில் பக்கம் பக்கமாக எழுதிய அதே ஃபிட்ச்பர்க் பாதை! துள்ளிக் குதித்துவிட்டேன், வெட்கமே இல்லை.

அப்புறம் தண்ணீரண்டை இறங்கினேன். கரையோரம் பச்சை, தள்ளிப் பார்த்தால் நீலம், காலை வைத்தால் எலும்பு வரைக்கும் குளிர். அந்த ஏரிக்கு அடியே கிடையாது என்று ஊரில் ஒரு நம்பிக்கை. தலைமுறை தலைமுறையாக அப்படியே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்கள், ஒருத்தர்கூட ஒழுங்காக அளந்து பார்க்கவில்லை. 1846 தொடக்கம், பனி உறைந்த காலம். கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள்: ஏரி முழுக்க வெள்ளைப் பாளம். அதன் மேல் ஒற்றை ஆள், திசைகாட்டியும் அளவுச் சங்கிலியும் கயிறுமாக நிற்கிறார். பனியில் துளை போடுகிறார், நூற்றுக்கும் மேற்பட்ட துளைகள்! மீன்பிடிக்கிற தூண்டில் கயிற்றில் ஒன்றரை பவுண்டு எடையுள்ள கல்லைக் கட்டி உள்ளே விடுகிறார். கல் அடியைத் தொட்டதா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் நான் சொக்கிப்போகிறேன். அடியில் உட்கார்ந்திருக்கும் கல்லைத் தூக்கக் கொஞ்சம் கூடுதலாக இழுக்க வேண்டும். கீழே தண்ணீர் புகுந்ததும் சட்டென்று லேசாகிவிடும். அந்தச் சின்ன வித்தியாசத்தை விரல் நுனியில் பிடித்துக்கொள்கிறார்! 102 அடி. முடிந்தது கதை. தலைமுறைப் புரளிக்கு ஒரே கல். இன்றைய அளவீட்டிலும் வால்டனின் ஆழம் ஏறக்குறைய அதேதான். வதந்தி வந்தால் நாம் என்ன செய்கிறோம்? பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். கயிற்றையும் கல்லையும் எடுக்கிறவர் எத்தனை பேர்?

அதே வருஷம் ஜூலையில், பழுது பார்க்கக் கொடுத்த செருப்பை வாங்க ஊருக்குள் வந்தவரை சாம் ஸ்டேபிள்ஸ் என்ற அதிகாரி பிடித்துச் சிறையில் போட்டார். ஆறு வருஷமாகத் தலைவரி கட்டவில்லை! அடிமை முறையைக் காப்பாற்றுகிற, மெக்சிகோ மேல் படையெடுக்கிற அரசுக்கு என் காசு எதற்கு என்று கேட்டவர். உள்ளே போனவர் அழுதாரா, புலம்பினாரா? சுவரைப் பார்த்தார், கல் இரண்டு மூன்று அடி கனம். கதவைப் பார்த்தார், மரமும் இரும்புமாக ஓரடி கனம். அங்கேயும் அளவு! இவ்வளவு கனமான சுவர் கட்டியும் என் எண்ணத்தை இவர்களால் பூட்டி வைக்க முடியவில்லையே என்று அரசாங்கத்தின் மேல் பரிதாபப்பட்டார் ஐயா! யாரோ வரியைக் கட்டிவிட, மறுநாள் காலையில் வெளியே விட்டார்கள். நேராகப் போய்ச் செருப்பை வாங்கி மாட்டிக்கொண்டு, காட்டுப் பழம் பறிக்கக் கூட்டத்தோடு கிளம்பிவிட்டார். ஒரே ஒரு ராத்திரி! அந்த ஒரு ராத்திரியிலிருந்து 1849-இல் வந்த கட்டுரைதான் பின்னால் 'சட்டமறுப்பு' என்ற பெயரில் உலகம் சுற்றியது. தென்னாப்பிரிக்காவில் காந்தி கைக்குப் போனது. 1907-இல் தன் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் அதன் சாரத்தைப் போட்டார். என் எதிர்ப்புப் போராட்டம் அந்தக் கட்டுரையைப் படிக்கும் முன்பே தொடங்கிவிட்டது என்று காந்தியே 1935-இல் ஒரு கடிதத்தில் தெளிவுபடுத்தினார். அதனால் என்ன? இரண்டு கண்டத்தில் இரண்டு பேர் தனித்தனியாக ஒரே விடைக்கு வந்தார்கள் என்றால் எனக்கு இன்னும் புல்லரிக்கிறது. அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போன நம் தமிழ்ச் சனத்தை நினைத்துப் பாருங்கள். சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து, 1914-இல் 16 வயதில் உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மையை நினைத்துப் பாருங்கள். 1944-இல் மோர்ஹவுஸ் கல்லூரியில் படித்த மார்ட்டின் லூதர் கிங் என்ற மாணவர் இதே கட்டுரையைத் திரும்பத் திரும்பப் படித்தார்; 1955-இல் மாண்ட்கோமரியில் கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏற மறுத்து நடந்தபோது அவருக்கு மறுபடி தோரோ ஞாபகம் வந்தார். எல்லாம் ஒரு ஜோடி செருப்பு வாங்கப் போன இடத்தில்!

மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள், இனிமேல்தான் எனக்குப் பித்துப் பிடிக்கும் இடம். 1846–47 குளிர்காலத்தில் வால்டன் ஏரிக்கு நூறு அயர்லாந்துக்காரர்கள் வந்து இறங்கினார்கள், ஐஸ் வெட்ட. நல்ல நாளில் ஆயிரம் டன் எடுப்பார்களாம். ஃபிரெடெரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி அந்தப் பக்கத்து ஏரி ஐஸை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றி, பூமியின் மறுபக்கத்துக்கு விற்றுக்கொண்டிருந்த காலம். இதைப் பார்த்துக்கொண்டு நின்ற தோரோ 'வால்டன்' நூலில் எழுதுகிறார், தன் கிணற்றுத் தண்ணீரை இனிமேல் குடிக்கப்போகும் ஊர்களின் பெயரை வரிசையாக. அதில் ஒன்று, பிடித்துக்கொள்ளுங்கள், மெட்ராஸ்! நம்ம மெட்ராஸ்! காலையில் பகவத்கீதை படிக்கிறவர் அவர். தன் ஏரித் தண்ணீர் கங்கைத் தண்ணீரோடு கலக்கிறது என்று பூரித்துப்போகிறார். அந்த ஐஸை இறக்கி வைக்க டியூடர் கம்பெனி 1842-இல் கட்டிய கட்டடம் எது? மெரினா எதிரில், அந்தப் பேட்டைக்கே பெயர் கொடுத்து நிற்கிற ஐஸ் ஹவுஸ்! இங்கேயே ஐஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது, கட்டடம் பிலிகிரி அய்யங்கார் கைக்குப் போனது. அங்கே 1897 பிப்ரவரியில் வந்து தங்கியது யார்? அமெரிக்காவுக்குப் போய் வேதாந்தம் பேசிவிட்டுத் திரும்பிய விவேகானந்தர்! கீதை அங்கே போய் ஒரு சர்வேயரைப் பிடித்துக்கொண்டது, அங்கிருந்து ஐஸ் இங்கே வந்தது, இங்கிருந்து வேதாந்தி அங்கே போய்விட்டு வந்து அந்த ஐஸ் இருந்த வீட்டிலேயே ஒன்பது நாள் தங்கினார்! அந்த வருஷம் வால்டனில் வெட்டிய குவியலில் பெரும்பகுதி சந்தைக்கே போகாமல் உருகி ஏரிக்கே திரும்பிவிட்டது என்று தோரோவே எழுதியிருக்கிறார், போகட்டும், ஒரே ஒரு கட்டியாவது நம்ம ஊர் வெயிலுக்கு வந்திருக்காதா? வந்திருக்கும். நான் அப்படித்தான் நம்புவேன். இப்போதெல்லாம் விவேகானந்தர் இல்லமாகிவிட்ட அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போது பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் அவருக்கு இந்தக் கதை நிச்சயம்.

ஆனால் இன்றைய தேதிக்கு இவர் ஏன் வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் நீட்டுவது பூக்கணக்கைத்தான். 1850-களில் வருஷா வருஷம் வசந்தம் வந்ததும் தோரோ கிளம்பிவிடுவார். தொப்பிதான் அவருக்குச் செடிப்பெட்டி. பறித்ததை அதற்குள் வைத்துத் தலையில் மாட்டிக்கொள்வார். தண்ணீர்ச் செடி என்றால் முழங்கால் அளவு சேற்றில் இறங்குவார், கூடு என்றால் மரத்தில் ஏறுவார். கூட நடந்த எமர்சன் அசந்துபோய் எழுதி வைத்திருக்கிறார்: மனுஷன் பையிலிருந்து நோட்டை எடுத்து, இன்றைக்கு எந்தெந்தச் செடி பூத்திருக்க வேண்டும் என்று பெயர் பெயராக வாசிப்பாராம்! நூற்றுக்கணக்கான செடிகள், எது எந்தத் தேதியில் முதல் பூ விட்டது என்ற பட்டியல். ஏரியில் பனி முழுசாக உருகிய தேதிகூட உண்டு, 1852-இல் அது ஏப்ரல் 18. யாருக்காக எழுதினார்? சம்பளம் கொடுத்தது யார்? யாருமில்லை! பித்து, வெறும் பித்து! ஊரார் வேலையில்லாதவன் என்று சிரித்திருப்பார்கள். ஒன்றரை நூற்றாண்டு கழித்து பாஸ்டன் பல்கலைக்கழக உயிரியலாளர் ரிச்சர்ட் பிரிமாக்கும் ஆபிரகாம் மில்லர்-ரஷ்ஷிங்கும் அந்தப் பட்டியலைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு, அதே கான்கார்டில், அதே செடிகளைத் தேடி நடந்தார்கள். என்ன தெரிந்தது? ஊரின் சராசரி வெப்பம் 2.4 டிகிரி செல்சியஸ் கூடியிருக்கிறது. செடிகள் சராசரியாக ஒரு வாரம் முன்னதாகப் பூக்கின்றன. 2008-இல் வந்த ஆய்வு இன்னும் கலக்கம்: தோரோ பார்த்த செடி வகைகளில் 27 சதவீதம் அந்த ஊரிலேயே இல்லை, இன்னும் 36 சதவீதம் எப்போது வேண்டுமானாலும் காணாமல் போகலாம் என்ற அளவுக்குச் சொற்பம். நினைத்துப் பாருங்கள் ஐயா, காலநிலை மாற்றம் என்ற பேச்சே இல்லாத காலத்தில், ஒருத்தர் சேற்றில் நின்று எழுதிய தேதிகள் இன்று சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கின்றன! அழகான வசனம் எழுதியவர்கள் ஆயிரம் பேர் உண்டு. அந்த வசனத்துக்குப் பக்கத்தில் தேதியும் எழுதி வைத்தவர் இவர்! அதனால்தான் கவிஞர்களும் இவரைக் கொண்டாடுகிறார்கள், விஞ்ஞானிகளும் கொண்டாடுகிறார்கள், இரண்டுமில்லாத நானும் நடுவில் புகுந்து ஆடுகிறேன்!

குற்றம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். காட்டில் இருந்தேன் என்கிறாரே, ஊர் ஒன்றரை மைல்தானே, அம்மா வீட்டில் போய்ச் சாப்பிட்டவர்தானே, துணிகூட அங்கேதான் வெளுத்ததாமே என்று இழுப்பார்கள். சாப்பிட்டால் என்ன இப்போ? அவர் ஊரை விட்டு ஓடிப்போனதாக எங்கே சொன்னார்? விருந்தாளிகளுக்கென்றே ஒரு அத்தியாயம் எழுதியவர் அவர். அடுத்த பேச்சுக்குப் போவோம்.

உயிரோடு இருந்தவரை ஊர் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை என்பதுதான் என் ஆத்திரம். முதல் புத்தகம் 1849-இல் ஆயிரம் பிரதி அச்சிட்டார்கள். 1853-இல் பதிப்பாளர் விற்காத 706 பிரதிகளை அவர் வீட்டுக்கே அனுப்பிவிட்டார். தோரோ அத்தனையையும் முதுகில் மாடிக்குத் தூக்கிப்போய் அடுக்கிவிட்டு, என் நூலகத்தில் ஏறக்குறைய 900 புத்தகம், அதில் 700-க்கு மேல் நானே எழுதியவை என்று நாட்குறிப்பில் கேலி பண்ணிவிட்டு, அதே ராத்திரி மறுபடி எழுத உட்கார்ந்துவிட்டார்! அவர் போன விதமும் அவர் மாதிரியேதான். 1860 டிசம்பர் குளிரில் வெட்டிய மரங்களின் வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தபோது பிடித்த ஜலதோஷம் மார்பில் இறங்கி, பழைய காசநோயைக் கிளப்பிவிட்டது. 1862 மே 6, வயது 44. ஸ்லீப்பி ஹாலோ இடுகாட்டில் அவர் கல்லைப் பார்த்திருக்கிறீர்களா? முழங்கால் உயரம்கூட இல்லை, 'ஹென்றி' என்ற ஒற்றைப் பெயர், அவ்வளவுதான். அதைச் சுற்றி பென்சில்! குட்டை, நெட்டை, மஞ்சள், சிவப்பு, கடித்த பென்சில், சீவாத பென்சில்! அவர் குடும்பத் தொழிலே பென்சில் செய்வதுதான். களிமண்ணும் கிராஃபைட்டும் கலக்கிற பதத்தைச் சரிப்படுத்தி, அமெரிக்காவிலேயே நல்ல பென்சில் என்று பெயர் வாங்க வைத்தவரும் இவர்தான். பெட்டி நிறையப் பென்சில் கிடந்தால், ஒவ்வொரு பிடியிலும் எண்ணாமலே சரியாக ஒரு டஜனை எடுத்துவிடுவாராம். நானும் ஒரு கட்டு வாங்கிப்போய் வைத்தேன். கடையில் அந்தப் பெண் பிள்ளைகளுக்கா என்று கேட்டாள், ஆமாம் என்றேன்.

வாங்கிப் படியுங்கள். முதல் அத்தியாயம் நீளம், அதில் மட்டும் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நேராகக் குளிர்கால ஏரி அத்தியாயத்தில் புகுந்து, அங்கிருந்து முன்னும் பின்னும் போங்கள். அடடா, எறும்புச் சண்டையைச் சொல்லவே இல்லையே! விறகுக் குவியல் பக்கம் போகிறார், கறுப்பு எறும்புக்கும் சிவப்பு எறும்புக்கும் யுத்தம். மூன்று எறும்பு கட்டிப் புரண்டுகொண்டிருந்த மரச் சிம்பை அப்படியே எடுத்து வந்து, ஜன்னல் திட்டில் வைத்து, மேலே கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து, பூதக்கண்ணாடியால் பார்க்கிறார். அரை மணி நேரம் ஆகிறது, கறுப்பு எறும்பு தலையைத் திருப்பி... மாட்டேன், மீதியை நீங்களே படியுங்கள். படித்து முடித்ததும் நடுராத்திரி ஆனாலும் எனக்குப் போன் போடுங்கள், அந்தக் கறுப்பு எறும்பைப் பற்றிப் பேச எனக்கு ஆள் வேண்டும்!